உம்கேனிக் கரையை நடக்கிறவர்களுக்கு விடுங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நடைப்பயிற்சி என்று பேச்செடுத்தாலே ஆளுக்கு ஒரு மலையைக் காட்டுகிறார்கள். டிராகன்ஸ்பெர்க் ஏறினீர்களா, ஹோவிக் அருவி பக்கம் போனீர்களா என்று கேட்கிறார்கள். முடிந்தவர்கள் போகட்டும், நல்லதுதான். நான் கேட்பது வேறு. முட்டி வலிக்கிற அத்தையும், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற மாமாவும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்கிற மருமகளும் சேர்ந்து காலையில் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே நடக்க வேண்டும். சமதரை, கொஞ்சம் நிழல், பக்கத்தில் தண்ணீர். இவ்வளவு போதும். இந்த நாட்டு இந்தியர்களிடம் நீரிழிவு எவ்வளவு அதிகம் என்பது நம் ஒவ்வொரு வீட்டு மருந்து டப்பாவைத் திறந்தாலே தெரியும். மலையேறச் சொல்லி அவர்களை நடக்க வைக்க முடியாது.

அந்தப் பாதைக்கான இடம் ஊருக்குள்ளேயே ஓடுகிறது. உம்கேனி ஆறு. கன்னாட் பாலத்திலிருந்து கடல் முகத்துவாரம் வரை சில கிலோமீட்டர்தான், மேடு பள்ளம் கிடையாது. ஆனால் இப்போது அதைத் துண்டு துண்டாகத்தான் நடக்க முடிகிறது. கொஞ்ச தூரம் புல்வெளி, பிறகு வேலி, பிறகு லாரி போகிற சாலை. இதைத் தொடர்ச்சியான ஒரே பாதையாக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஒரு பூங்காவுக்கு ஆசைப்பட்டு மட்டும் இதைக் கேட்கவில்லை.

இந்த ஆற்றங்கரைக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. 1860-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு வந்து சேர்ந்த பிறகு, ஒப்பந்தம் முடித்தவர்களில் பலர் ஆற்றோரத்து வண்டல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள். மண் நன்றாக இருந்தது. வேறு யாருக்கும் வேண்டாத நிலமாகவும் இருந்தது, ஏனென்றால் வெள்ளம் வரும். 1917 அக்டோபர் 28 அன்று வந்தது. ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளியில் டின் டவுன் என்ற தகரக் குடியிருப்பு தண்ணீருக்குள் போனது. மாரிமுத்து படவாட்டனும் அவரோடு சேர்ந்த மீனவர்களும், ஆறே பேர், வலை போடுகிற படகை எடுத்துக்கொண்டு அந்தச் சுழலுக்குள் மறுபடி மறுபடி போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். ஏராளமானவர்கள் செத்துப்போனார்கள். சுழித்து ஓடுகிற ஆற்றில், மரமும் கூரையும் அடித்துக்கொண்டு வருகிறபோது, ஒரு முறை உயிரோடு திரும்பி வந்த மனிதன் மறுபடி படகைத் தள்ளியிருக்கிறான். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்?

1976-ல் திரும்பவும் வெள்ளம். டின் டவுன் மக்களை ஃபீனிக்ஸுக்கு அனுப்பினார்கள், அந்த ஊரின் முதல் குடிகள் அவர்கள்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாஸுலு-நட்டால் மாகாணம் முழுக்க 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உம்கேனியில் வந்து சேரும் பால்மியட் ஆற்றங்கரையில் குவாரி ரோடு வெஸ்ட் என்ற குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே அன்றைக்கு நூற்றுக்கணக்கான குடிசைகளை ஆறு கொண்டுபோனது. வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததால் ஆட்கள் வெளியேற முடிந்தது. ஆள் மாறியிருக்கிறது, மொழி மாறியிருக்கிறது. வேறு போக்கிடம் இல்லாதவன் ஆற்றை ஒட்டிக் குடியிருக்கிறான் என்பது மட்டும் மாறவில்லை.

அதனால்தான் பாதை கேட்கிறேன். கரையில் கிடங்கு கட்டினால் வெள்ளத்தில் கிடங்கு போகும், வீடு கட்டினால் உயிர் போகும். புல்லும் மரமும் நடைபாதையும் இருந்தால் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்துவிட்டுக் காய்ந்துவிடும், சேற்றை வாரிப்போட்டு மறுபடி நடக்கலாம். ஆறு விரிகிறதற்கு இடம் வேண்டும், அந்த இடத்தை மற்ற நாட்களில் மனிதர்கள் நடக்கப் பயன்படுத்தட்டும். கான்கிரீட் கால்வாய் போட்டால் தீர்ந்தது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். உம்பிலோ ஆற்றின் கடைசிப் பகுதியைப் போய்ப் பாருங்கள். சிமென்ட் தொட்டி போல நேராக வெட்டித் துறைமுகத்துக்குள் விட்டிருக்கிறார்கள். நிழல் கிடையாது, உட்கார ஒரு கல் கிடையாது. மண் உறிஞ்ச வேண்டிய தண்ணீரும் சேர்ந்து வேகமெடுத்துக் கீழே இருப்பவர்கள் தலையில் இறங்குகிறது. அதே உம்பிலோக் கரையில்தான் 1875 வாக்கில் நம்மவர்கள் கோயில் கட்டினார்கள். 1905 வெள்ளத்தில் அது போய்விட்டது. அதன் கதவுகள் தப்பின. அவற்றை இன்றைக்கும் கேட்டோ மேனரில் உள்ள அம்பலவாணர் ஆலயத்தில் பார்க்கலாம்.

சரி, நடந்தால் என்ன பார்க்கலாம்? ப்ளூ லகூனைப் பற்றி டர்பன் தமிழர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மனிதர்களின் தோல் நிறம் பார்த்துக் கடற்கரைகளைப் பிரித்து வைத்திருந்த காலத்திலிருந்தே ஆற்றைப் பார்த்துக் காரை நிறுத்திக் குடும்பத்தோடு பன்னி சௌ, அதுதான் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றியது, சாப்பிடுகிற இடம் அது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து வரும் டூசி படகுப் போட்டி முடிகிற இடமும் அதுதான். வருத்தம் என்னவென்றால் நம்மில் பலர் காரை விட்டு இறங்குவதில்லை.

எதிர்க்கரையில் முகத்துவாரத்துக்கு வடக்கே பீச்வுட் அலையாத்திக் காடு. பிச்சாவரம் போனவர்களுக்கு இந்த மரங்கள் பழக்கமானவை, அதே அலையாத்தியும் சுரபுன்னையும்தான். கடல் உள்வாங்கிச் சேறு தெரிகிற வேளையில் போய் ஓர் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். முதலில் வெறும் சேறும் ஓட்டைகளும்தான் தெரியும். இரண்டு நிமிடம் பொறுத்தால் ஒவ்வோர் ஓட்டையிலிருந்தும் ஒரு நண்டு எட்டிப் பார்க்கும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு உடம்பளவு பெரிது, மற்றது சின்னஞ்சிறிது. சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைக்கும், பெரியதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். பெண்ணுக்கு இரண்டுமே சின்னது, அதனால் இரண்டு கையாலும் சாப்பிடும். உங்கள் நிழல் கொஞ்சம் நகர்ந்தால் போதும், மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் உள்ளே. குழந்தைகளைக் கூட்டிப்போனால் திரும்பி வரச் சம்மதிக்க மாட்டார்கள்.

ஆறு சுத்தமாக இல்லை என்பீர்கள். உண்மை. மழை பெய்த மறுநாள் பிளாஸ்டிக் பாட்டிலும் ஆகாயத்தாமரையும் சேர்ந்தே மிதந்து வரும். படகுப் போட்டிக்காரர்களுக்கு வருகிற வயிற்றுப்போக்குக்கு 'டூசி கட்ஸ்' என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆற்றின் குறுக்கே மிதவைகள் கட்டிக் குப்பையைப் பிடிக்கிறார்கள், கிரீன் காரிடார்ஸ் அமைப்பின் ஆட்கள் அதைத் தினமும் வாரி எடுக்கிறார்கள். அவர்களுக்கு நம் நன்றி போய்ச் சேர வேண்டும். ஆனால் யாரும் நடக்காத கரையில் எவ்வளவு குப்பை கொட்டினாலும் கேள்வி வராது. நாலு பேர் தினம் நடந்தால்தான் கேட்க ஆள் இருக்கும்.

பாதுகாப்பு பெரிய விஷயம், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். தனியாகப் போகாதீர்கள், பெண்கள் மட்டுமல்ல, யாருமே. ஆனால் யுஷாக்கா கடல் பூங்காவிலிருந்து ப்ளூ லகூன் வரையுள்ள கடற்கரை நடைபாதையைப் பாருங்கள், சுமார் 8 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்கே அங்கே கூட்டம். அகலமான பாதை, காவலர்கள், விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் நடமாட்டம். 2010 உலகக் கோப்பைக்காக அதைச் சீரமைக்கப் பணம் கிடைத்தது. அது முடிகிற இடத்தில் ஆற்றங்கரை தொடங்குகிறது. அப்படியே திருப்பி ஆற்றோரமாகக் கன்னாட் பாலம் வரை ஏன் கொண்டுபோகக் கூடாது? பாலத்தடியில் படுத்திருப்பவர்களை விரட்டிவிட்டுத்தான் பாதை போட வேண்டும் என்று ஒரு நண்பர் வாதாடினார். எனக்கு ஒப்புதல் இல்லை. கரை பராமரிப்பு வேலையை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். நம் தாத்தாக்களும் இந்தக் கரையில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தவர்கள்தான்.

படவாட்டன் குழுவின் ஆறு பேரின் பெயரும் அந்தப் பாதையில், நடக்கிறவர்கள் நின்று படிக்கிற உயரத்தில், தமிழிலும் ஸுலுவிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். கோயில் கமிட்டிகளும் தமிழ்ச் சங்கங்களும் சேர்ந்து மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதலாம் என்று நினைக்கிறேன், எழுதிக் கொடுக்க நான் தயார்.

அதுவரை இருக்கிற துண்டுப் பாதையில் நடப்போம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ப்ளூ லகூன் கார் நிறுத்துமிடத்தில் கூடலாம், யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். தொப்பி, தண்ணீர், மூடிய செருப்பு போதும், நகையும் கைப்பையும் வேண்டாம். வேகமாக நடக்கிறவர்கள் முன்னால் போய்விடக் கூடாது, பெரியவர்கள் நடையில்தான் எல்லோரும் நடக்கிறோம். சக்கர நாற்காலியில் யாராவது வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், எந்தத் துண்டில் வண்டி தடங்கலில்லாமல் உருளும் என்று முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.