பள்ளம் எதற்கு என்று யார் போய்க் கேட்டது?

போன மாதம் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் தெருவின் ஓரமெல்லாம் பள்ளம். சென்னை மந்தைவெளியில் ஆர்.கே. மடம் சாலைப் பக்கம் மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து தோண்டுகிற சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த வேலைக்குத் தடுப்பு இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. இந்தப் பள்ளத்துக்கு ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

தெரு வாட்ஸப் குழுவில் ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. ஒருவர் கேபிள் போடுகிறார்கள் என்றார். இன்னொருவர் கழிவுநீர்க் குழாயை மாற்றுகிறார்கள், பத்து நாளைக்குத் தண்ணீர் வராது என்றார். அந்தக் கடைசிச் செய்தி பக்கத்துத் தெருக் குழுக்களுக்கும் போய், ஒன்பது மணிக்குள் மூன்று வீட்டில் தண்ணீர் லாரிக்குப் பணம் கட்டிவிட்டார்கள். எதிர் வீட்டு மாமி இருக்கிற குடம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதில் அவரை அப்படி அல்லாட வைத்தது ஒரு வரி வதந்தி.

கடப்பாரை பிடித்திருந்தவர் எங்கள் வாசலிலிருந்து பத்தடி தள்ளித்தான் நின்றிருந்தார். இறங்கிப் போய், "அண்ணே, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"மழைத்தண்ணி கால்வாய்க்கு, அக்கா. இந்த முனையிலேருந்து அந்த ட்ரான்ஸ்பார்மர் வரைக்கும். மேஸ்திரி சாயங்காலம் வருவாரு, அவர்கிட்ட தேதி கேளுங்க."

சாயங்காலம் மேஸ்திரி வந்தார். மூன்று வாரம், குடிநீர்க் குழாயில் கை வைக்க மாட்டோம், மூடிவிட்டுத்தான் தார் போடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். வேலையை மேற்பார்க்கிற உதவிப் பொறியாளரிடம் போனிலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, யாரிடம் எத்தனை மணிக்குக் கேட்டேன் என்பதையும் கீழே போட்டு, இஸ்திரி வண்டியிலும் பால் பூத்திலும் ஒட்டினேன். ராத்திரிக்குள் தண்ணீர் பயம் அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து ஒரே யோசனை. செய்தி என்பது இதுதானே? ஒருத்தர் போய்க் கேட்டு, இன்னொருத்தரிடம் சரிபார்த்து, யார் சொன்னது என்று பெயரோடு எழுதுவது. குழுவில் இருநூறு பேர் இருந்தோம். போய்க் கேட்கத்தான் ஆள் இல்லை.

எங்கள் பகுதிக்கு இதில் ஒரு பாரம்பரியமே உண்டு. 1994-இல் வின்சென்ட் டிசோசா தொடங்கிய மயிலாப்பூர் டைம்ஸ், விலையில்லாமல் வீட்டு வாசலில் வந்து விழுந்த வாரப் பத்திரிகை. அதற்கு முன்பே அடையாறு டைம்ஸ் வந்துவிட்டது. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த புதிதில், எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை, எந்தப் பள்ளியில் ஆண்டு விழா, எந்த சபாவில் யார் பாட்டு என்றெல்லாம் அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊர் எனக்கு ஊரானது அப்படித்தான். ஒரு குறை மட்டும் அப்போதே மனதில் உறுத்தும். அது ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா சீனிவாசபுரத்திலிருந்து வருவார். அவர் தெருவும் இதே பகுதிதான், ஆனால் அந்தத் தாளை அவரால் படிக்க முடியாது. தமிழ் நாளிதழ்களின் சென்னைப் பக்கமோ 426 சதுர கிலோமீட்டருக்கும் சேர்த்து ஒன்றிரண்டு பக்கம். அதில் ஒரு தெருவின் பெயர் வரவேண்டுமானால் சுவர் இடிந்து யாராவது சாகவேண்டும்.

2023 ஏப்ரலில் மெரினா கடற்கரையோரம் போகிற லூப் சாலையில் மீன்கடைகளை அகற்றியபோது இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று புரிந்தது. நெரிசல் பற்றி உயர் நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கு அது. மீனவர்கள் படகுகளைச் சாலையில் நிறுத்திப் போராடினார்கள். நான் தொலைக்காட்சியில் பார்த்ததெல்லாம் "ஆக்கிரமிப்பு", "போக்குவரத்து" என்ற இரண்டு சொற்கள்தான். நான் வழக்கமாக மீன் வாங்குகிற அக்காவிடம் கேட்டபோது, "ரோடு வந்ததுக்கு முன்னாடியே நாங்க இங்க இருக்கோம்மா" என்றார். அவர் வாயால் கேட்கும்வரை அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரம்தான் இருக்கும். 2024 ஆகஸ்டில் அங்கே புது மீன் அங்காடி திறந்தார்கள். நல்லது. ஆனால் மூடிய நிழல் போதுமா, வாடிக்கை குறைந்ததா என்று அதற்குப் பிறகு மாதாமாதம் போய்க் கேட்டு எழுத யார் இருக்கிறார்கள்?

அரசியலும் இதே கதைதான். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் ரத்தானது. 2022 பிப்ரவரி 19 அன்றுதான் அடுத்து ஓட்டுப் போட்டோம். ஐந்து வருடத்துக்கும் மேலாக இந்த மாநகரில் ஒரு கவுன்சிலர்கூட இல்லை, எல்லாம் அதிகாரிகள் கையில். என் நண்பர்கள் பலருக்கு இது நினைவிலேயே இல்லை. அதே ஆட்கள் அமெரிக்கத் தேர்தலில் எந்த மாகாணம் யார் பக்கம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். 2022-இல் சென்னையில் பதிவான வாக்கு ஏறக்குறைய 43 விழுக்காடு. அதற்கு முந்தைய வருடம் சட்டமன்றத் தேர்தலில் இதே சென்னை 59 விழுக்காடு போட்டது. சட்டமன்றத்துக்குப் போட்டவர்கள் குப்பைக்கும் கால்வாய்க்கும் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்க வரவில்லை. இதை அலட்சியம் என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வார்டில் நடப்பதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லாதபோது, வார்டு தேர்தலில் எதை வைத்து முடிவெடுப்பது?

இப்போது பகுதி சபா என்று ஒன்று இருக்கிறது. கிராமங்களுக்குக் கிராமசபை மாதிரி நகரங்களுக்கு. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் முதலமைச்சரே போய் உட்கார்ந்து கேட்ட கூட்டம் அது. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே அதில் உறுப்பினர். ஆக, மாமி உறுப்பினர், இஸ்திரி அண்ணன் உறுப்பினர், நானும் உறுப்பினர். எங்கள் குழுவில் கேட்டேன், இதுவரை போனவர்கள் இரண்டே பேர். அடுத்தது எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். தேதி வந்ததும் அதையும் தாளில் எழுதி ஒட்டுவேன். கூட்டத்தில் யார் என்ன கேட்டார்கள், என்ன பதில் வந்தது என்பதை மறுநாள் ஒட்டுவேன்.

முதல் தாள் மழையில் நனைந்து கிழிந்துவிட்டது. எடுக்கப் போனபோது இஸ்திரி அண்ணன், "அக்கா, புதுசா எழுதும்போது அந்த முனை லைட்டையும் சேர்த்துக்கோங்க, நாலு மாசமா எரியலை" என்றார். மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிவிட்டேன். இரண்டாவது தாளில் முதல் வரி அதுதான்.