"அப்போ காட்டுல இருந்தவங்க மக்கள் இல்லையா, டீச்சர்?"

சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பில் ஒரு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "மக்கள் காட்டைத் திருத்தி ஊர்களை உருவாக்கினர்" என்றொரு வரி வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "அப்போ காட்டுல ஏற்கெனவே இருந்தவங்க மக்கள் இல்லையா, டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் பதிலும் சொல்லவில்லை. "அது பரீட்சைக்கு வராது, உட்காரும்மா" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆண்டு முழுக்க அவள் வேறொரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அவள் செய்ததற்குப் பெயர் விமர்சன எழுத்தறிவு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒரு வரியைப் படிக்கும்போது, இதை எழுதியவர் எங்கே நின்றுகொண்டு எழுதுகிறார், யாரைப் பார்த்து எழுதுகிறார், அவர் கண்ணில் படாமல் போனவர் யார் என்று கேட்பது. விமர்சனம் என்றதும் குற்றம் கண்டுபிடிப்பது என்று நினைத்துவிடுகிறோம். அவள் குற்றம் கண்டுபிடிக்கவில்லை. வகுப்பில் இருந்த எல்லோரையும்விட, என்னையும்விட, அந்த வரியைக் கவனமாகப் படித்திருந்தாள்.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பீட்டர் ஃப்ரீபாடி, ஆலன் லூக் என்ற இரு கல்வியாளர்கள் 1990இல் ஒரு சட்டகத்தை முன்வைத்தார்கள். படிக்கத் தெரிந்தவர் நான்கு வேலைகளைச் செய்கிறாராம். எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குகிறார். பொருள் புரிந்துகொள்கிறார். படித்ததை இடத்துக்குத் தக்கபடி பயன்படுத்துகிறார். நான்காவதாக, அந்தப் பிரதியையே, அதாவது படித்த எழுத்தையே, ஆராய்கிறார். நம் வகுப்பறைகள் முதல் இரண்டை ஒழுங்காகச் செய்வதற்குள்ளேயே ஆண்டு முடிந்துவிடுகிறது. மூன்றாவது எப்போதாவது கடிதம் எழுதும் பயிற்சியில் எட்டிப் பார்க்கும். நான்காவது வந்தால், உட்காரச் சொல்லிவிடுகிறோம்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல என்பது எண்களிலும் தெரிகிறது. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா தேர்வில், 2018ஆம் ஆண்டு, ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பைச் சேர்ந்த நாடுகளின் 15 வயது மாணவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே, நேரடியாகச் சொல்லப்படாத குறிப்புகளைக் கொண்டு தகவல் எது, கருத்து எது என்று பிரித்தறிந்தார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்கள், விளம்பரதாரர் காசு கொடுத்துப் போட்டது என்ற குறிப்பு இருந்தும் அதைச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. சிலர் அந்தக் குறிப்பையும் சேர்த்துத்தான் படித்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே "ஆமாம், பிள்ளைகளுக்குப் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டும்" என்பார்கள். வேண்டும்தான். தகவல் சரிபார்ப்பவர்கள் அறிமுகமில்லாத ஒரு தளத்துக்குப் போனதும் அங்கேயே உட்கார்ந்து ஆழ்ந்து படிப்பதில்லை. சட்டென்று வேறு பக்கங்களைத் திறந்து இந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். இது பழக்கித் தரக்கூடிய திறன், பழக்கவும் வேண்டும். ஆனால் விஷயம் அதோடு முடிவதில்லை. ஒரு பொய்கூட இல்லாத செய்தியும் நம்மை ஒரு பக்கமாகத் திருப்பி நிறுத்திவிட முடியும்.

அதைக் கண்டுகொள்ளப் பழக்க நான் நம்பும் இடம் இலக்கண வகுப்பு. செய்வினை, செயப்பாட்டுவினை நடத்தாத மொழி ஆசிரியர் யார்? "கண்ணன் பாடம் படித்தான், கண்ணனால் பாடம் படிக்கப்பட்டது" என்று எழுதிப்போட்டு, மாற்றி எழுது என்கிறோம். பிள்ளைகளும் எந்திரம் போல மாற்றுகிறார்கள். இப்போது நான் வேறு இரண்டு வரிகளை எழுதுகிறேன்.

"ஆலை மூடப்பட்டது. இருநூறு பேர் வேலை இழந்தனர்."

"உரிமையாளர் ஆலையை மூடினார். இருநூறு பேரை வேலையை விட்டு அனுப்பினார்."

இரண்டுமே உண்மை. இரண்டாவதில் ஒரு மனிதர் நிற்கிறார், முதலாவதில் அவரைக் காணோம். 'படு' என்ற துணைவினை வந்ததும் செய்தவர் எப்படிச் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறார் என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும் அந்த நிமிடத்தில் வகுப்பின் முகமே மாறிவிடும். 'இழந்தனர்' என்ற சொல்லையும் விடமாட்டார்கள். "டீச்சர், பேனாவைத் தொலைச்ச மாதிரி சொல்றாங்க" என்றான் ஒரு பையன். பிறகு செய்தித்தாளைக் கையில் கொடுத்தால், "இங்கே செய்தது யார்?" என்று அடிக்கோடிட ஆரம்பித்துவிடுகிறார்கள். எப்போதும் மறைப்பதற்காகத்தான் இப்படி எழுதுகிறார்கள் என்றில்லை, செய்தவர் யாரென்று தெரியாமலும் இருக்கலாம் என்பதையும் அதே வகுப்பில் பேசிவிடுவேன். இதற்கென்று தனிப் பாடவேளையோ தனிப் புத்தகமோ எனக்குத் தேவைப்படவில்லை. இருக்கிற பாடத்தில் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

"முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்க வரட்டும், அப்புறம் இதெல்லாம்" என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். அந்தக் கவலை நியாயமானது. எழுத்தில் தடுமாறும் குழந்தையிடம் எழுதியவரின் பார்வைக் கோணத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்தே செய்யலாம் என்று காட்டியவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேய்ரே. 1963இல் வடகிழக்கு பிரேசிலின் அஞ்சிகோஸ் என்ற ஊரில், சுமார் 300 தொழிலாளர்கள் ஏறக்குறைய 40 மணி நேரப் பாடத்தில் எழுதப் படிக்கக் கற்றார்கள். அவரது முறையில் பாடம் அகரவரிசையில் தொடங்காது. படிப்பவர்களின் வாழ்க்கையிலிருந்து ஒரு சொல்லை எடுப்பார்கள், செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிப் பேசுவார்கள். இதைச் சுமப்பது யார், இதில் கட்டிய வீட்டில் வாழ்வது யார் என்று பேச்சு வளரும். அப்புறம் அதே சொல்லை அசை அசையாகப் பிரித்து எழுத்துக்குப் போவார்கள். அன்றைய பிரேசிலில் எழுத்தறிவில்லாதவருக்கு வாக்குரிமை கிடையாது. அதனால் அந்த 40 மணி நேரம் யாருக்கெல்லாம் உறுத்தியிருக்கும் என்று ஊகிக்கலாம். 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃபிரேய்ரேயின் எழுத்தறிவுத் திட்டம் நின்றது. அவர் சுமார் 70 நாட்கள் சிறையில் இருந்தார், பிறகு நாட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைக்கும் எதிர்ப்பு வேறு. எல்லாவற்றையும் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, கடைசியில் எதையுமே நம்பாமல் போய்விடாதா? போகலாம். "எல்லாரும் பொய் சொல்றாங்க" என்று சொல்லும் மாணவனை நான் பார்த்திருக்கிறேன், அவனை ஏமாற்றுவதும் எளிதாகத்தான் இருந்தது. அதனால் கேள்வியோடு நிறுத்தக் கூடாது. கேட்டால் தேட வேண்டும், தேடிக் கிடைத்ததை எடைபோட வேண்டும், போதுமான சான்று இருந்தால் "சரி, இதை நம்புகிறேன்" என்று சொல்லவும் வேண்டும். நம்புவதற்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது.

இதில் மிகக் கடினமான பகுதி மாணவர்களுடையது அல்ல, எங்களுடையது. செய்தித்தாளைக் கேள்வி கேள் என்று சொல்லும் ஆசிரியர், பாடப்புத்தகத்தைக் கேட்டால் முகம் சுளிக்கிறார், தன்னைக் கேட்டால் கோபப்படுகிறார். எந்தப் பிரதியைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதைப் பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். வினாத்தாளும் அப்படித்தான். "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைக்குத்தான் மதிப்பெண் என்றால், வகுப்பில் நான் என்ன பேசினாலும் அது வீண். "இதே கதையை இதில் வரும் வேறொருவர் சொன்னால் எப்படித் தொடங்கும்?" என்று கேட்கலாமே. திருத்துவதற்குக் கூடுதல் நேரம் ஆகும். ஆகட்டும்.

அந்தக் காட்டுப் பாடம் அடுத்த வாரம் மறுபடியும் என் வகுப்புக்கு வருகிறது. அந்த ஒரு வரியை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கப் போகிறேன்.