பாட்டில் இல்லாம தூக்கமில்ல

(சேலம் அஸ்தம்பட்டி. பல் ஆஸ்பத்திரி வாசலில் தட்டுவடை செட் கடை.)

பாட்டி: ராத்திரியானா பாட்டில் வேணும் கண்ணு. இல்லாட்டித் தூங்க மாட்டேங்கறான்.

கடைக்காரம்மா: எங்க வீட்டுக்காரரும் அப்படித்தானுங்க.

பாட்டி: உன் வீட்டுக்காரரா? இந்த வயசுலயா?

கடைக்காரம்மா: இந்த வயசுலதான் சாஸ்தி. உங்காளு எவ்வளவு?

பாட்டி: படுக்கறப்ப ஒண்ணு, நடுச்சாமத்துல ஒண்ணு. வாயில வச்சபடியே தூங்கிருவான்.

கடைக்காரம்மா: நடுச்சாமத்துல எந்தக் கடைங்க தொறந்திருக்கு?

பாட்டி: கடை எதுக்கு? நானே எழுந்து கலக்கிக் குடுப்பேன்.

கடைக்காரம்மா: நீங்களேவா! மருமக ஒண்ணும் சொல்றதில்லையா?

பாட்டி: அவ குடுக்காதீங்கன்னுதான் சொல்றா. இவன் அழுவறானே. அதுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டாத்தான் இறங்குது.

கடைக்காரம்மா: சர்க்கரையா? எங்காளு ஊறுகாயோட நிறுத்திக்குவாரு.

பாட்டி: ஊறுகாயா! வயிறு எரியாது?

கடைக்காரம்மா: எனக்குத்தாங்க எரியும். உங்க பையனுக்கு என்ன வயசாச்சு?

பாட்டி: பையன் இல்ல, பேரன். ஆடி வந்தா மூணு.

(பீட்ரூட் துருவிய கை அப்படியே நின்றது.)

கடைக்காரம்மா: பால் பாட்டிலா! அதுக்குள்ள உங்க மவனைக் குடிகாரனாக்கிட்டேன்.

பாட்டி: அவன் பேச்சு இப்ப எதுக்கு, விடு. புள்ளைக்கு மேல முன்பல்லு நாலும் பழுப்பாகிக் கரைஞ்சு போச்சு. கீழ்ப்பல்லு மட்டும் நல்லாருக்கு. மருமக தாய்ப்பாலுதான் ஒத்துக்கல போல.

கடைக்காரம்மா: அவ பாலை ஏனுங்க இழுக்கறீங்க? இந்த வாசல்ல உக்காந்து கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். தூங்கறப்ப எச்சில் ஊறுறது கொறைஞ்சுரும். இனிப்புப் பாலு மேல்பல்லைச் சுத்தித் தேங்கி நிக்கும். கிருமி அதைத் தின்னுட்டு அமிலத்தை விடும், பல்லு கரையும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கறதால தப்பிச்சுக்குது.

பாட்டி: பால்பல்லுதானே? விழுந்து முளைக்கப்போவுது.

கடைக்காரம்மா: இதைச் சொல்லாம இந்தப் படி ஏறினவங்க ஒருத்தர் கெடையாது! முன்பல்லு விழவே 6, 7 வயசாவும். கடைவாய்ப் பால்பல்லு 10, 12 வயசு வரைக்கும் இருக்கணும். அதுவரைக்கும் புள்ள எதை வச்சு மெல்லுவான்? பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கற மாதிரிங்க, அடியில வர்ற பல்லுக்கு அதுதான் எடம் புடிச்சு வைக்குது. துண்டை முன்னாடியே எடுத்துட்டா பக்கத்துல இருக்கறவன் நகந்து உக்காந்துக்குவான். அப்புறம் பல்லு கோணிக்கிட்டு வந்துச்சுன்னு இதே வாசலுக்கு கம்பி கட்ட வருவீங்க.

பாட்டி: அப்ப சர்க்கரையை மட்டும் நிறுத்திடறேன்.

கடைக்காரம்மா: பாட்டிலையே நிறுத்துங்க. ஒரு வயசுலயே டம்ளருக்கு மாத்தியிருக்கணும். பல்லு வெளக்கிவிட்டுப் படுக்க வைங்க, நடுவுல கேட்டா வெறும் தண்ணி.

பாட்டி: அழுவானே. நான் ஸ்பூன்ல ருசி பாத்துட்டு அப்படியே ஊட்டினா குடிச்சுக்குவான்.

கடைக்காரம்மா: உங்க வாய்க் கிருமியையும் சேத்து ஊட்டவா?

பாட்டி: நாங்க அந்தக் காலத்துல இப்படியெல்லாமா பாத்தோம்?

கடைக்காரம்மா: அந்தக் காலத்துப் பல்லு இப்ப எத்தனைங்க இருக்கு?

பாட்டி: பேச்சை மாத்தாத.

கடைக்காரம்மா: டோக்கன் கூப்புடறாங்க. உங்க மருமக புள்ளையத் தூக்கிட்டு உள்ள போவுது பாருங்க. நீங்களும் போங்க.

பாட்டி: நான் எதுக்கு? டாக்டர் திட்டுவாரு.

கடைக்காரம்மா: சர்க்கரை போட்டது நீங்கதானுங்களே?

பாட்டி: பெத்தவ இருக்கறப்ப என்னைய எதுக்குத் திட்டணும்? நீ ஒரு செட்டு போடு. காரம் கொறைச்சு.