பாஸ்வேர்டை மாத்துனது ஒரு குத்தமாய்யா?

திங்கட்கிழமை காலைல பாஸ்வேர்டை மாத்துன்னு சிஸ்டம் சொல்லுச்சு, மாத்துனேன். பத்தே நிமிஷம், அக்கவுண்ட் லாக். ஐடி டீமுக்கு போன் போட்டு கெஞ்சி அன்லாக் பண்ண வெச்சு சீட்ல உக்காரல, மறுபடி லாக். மத்தியானத்துக்குள்ள நாலு தடவை. "நீங்கதான் தப்பா அடிக்கிறீங்க சார், கேப்ஸ் லாக் பாருங்க"ன்னு அந்தப் பக்கத்துல இருந்து அட்வைஸ் வேற. யோவ், நான் கீபோர்டையே தொடலய்யா!

அடிக்கிறது நான் இல்ல, மெஷினு. என்னைக்கோ சர்வர்ல இருக்கிற ஷேர்டு போல்டரை என் மெஷின்ல இசட் டிரைவா தெரியுற மாதிரி மேப் பண்றப்போ பாஸ்வேர்டை ஞாபகம் வெச்சுக்கவான்னு கேட்டுச்சு, நானும் டிக் போட்டுட்டேன், அது இப்போ செத்துப்போன பாஸ்வேர்டைத் தூக்கிட்டுப் போய் சர்வர் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கு, சர்வரும் அஞ்சு தப்பு எண்ணிட்டு பூட்டிடுது.

சரி அழிச்சிடுவோம்னு, விண்டோஸ் பாஸ்வேர்டையெல்லாம் சேத்து வெச்சிருக்கிற கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்தா, வெப்னு ஒரு பக்கம், விண்டோஸ்னு ஒரு பக்கம். உள்ள நாப்பது என்ட்ரி. கிட்ஹப், ஆபீஸ், அப்புறம் "வர்ச்சுவல்ஆப் டிட்லாஜிக்கல்"னு ஒண்ணு, வைரஸோன்னு பயந்துட்டேன், அது மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் லாகின் சம்பந்தப்பட்டதாம். எதை அழிச்சா எது புட்டுக்கும்னு ஒரு வரி எழுதி வெச்சா என்ன? மொத்தமா செலக்ட் பண்ணவும் வழியில்ல, ஒவ்வொண்ணா விரிச்சு, ரிமூவ் அழுத்தி, நிஜமாவான்னு கேட்டா எஸ் சொல்லி... கமாண்ட் லைன்ல இதே வேலைக்கு சிஎம்டி-கீன்னு ஒரு கமாண்ட் இருக்கேன்னு போனா அங்கயும் பேர் சொல்லிச் சொல்லித்தான் அழிக்கணும். சேமிக்க ஒரே டிக், அழிக்க ஒரு நாள் லீவு போடணும் போல!

எல்லாத்தையும் வழிச்சுப் போட்டேன். பிரவுசர்ல இருந்தது, போன் மெயில்ல இருந்தது, எல்லாம். மறுபடி லாக்! நேரம் வெச்சு தானா ஓடுற ஷெட்யூல்டு டாஸ்க், பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கிற சர்வீஸ் இதுக்கெல்லாம் குடுத்த பாஸ்வேர்டு இந்த லிஸ்ட்ல கண்ணுலயே படாதுன்னு அப்பதான் ஒருத்தர் சொல்றாரு. கடைசில ஐடில ஒரு புண்ணியவான் ஆபீஸ் லாகினையெல்லாம் சரிபாக்குற டொமைன் கன்ட்ரோலர் சர்வரோட பதிவேட்டுல, அக்கவுண்ட் பூட்டுனதைக் குறிக்கிற 4740ங்கிற ஈவென்ட்டைத் தேடி எடுத்தாரு. எந்த மெஷின்ல இருந்து லாக் ஆகுதுன்னு அதுல பேரோட இருக்கும். பாத்தா டெஸ்ட் சர்வர். மூணு வாரம் முன்னாடி என் சீட்ல இருந்தே ரிமோட் டெஸ்க்டாப் வழியா அதுக்குள்ள போயிட்டு, சைன் அவுட் பண்ணாம எக்ஸ் அழுத்தி மூடிட்டு வந்திருக்கேன், செஷன் அங்கயே பழைய பாஸ்வேர்டோட குத்த வெச்சு உக்காந்திருக்கு. ஆமா, அது என் தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா இதை முதல் போன்லயே பாத்திருக்கலாம்ல, கேப்ஸ் லாக்காம் கேப்ஸ் லாக்கு.

அதை விடுங்க, சும்மா சும்மா பாஸ்வேர்டை மாத்தச் சொல்லாதீங்க, திருட்டுப் போனதுக்கு அறிகுறி இருந்தா மட்டும் மாத்தச் சொல்லுங்கன்னு அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017லயே எழுதிடுச்சு, மைக்ரோசாப்டே 2019ல விண்டோஸுக்கான தன்னோட செக்யூரிட்டி பேஸ்லைன்ல (பாதுகாப்புக்கு அது சிபாரிசு பண்ற செட்டிங்ஸ் லிஸ்ட்) இருந்து பாஸ்வேர்டு எக்ஸ்பைரியைத் தூக்கிடுச்சு. எங்க ஆபீஸ்ல மட்டும் 90 நாள். இன்னைக்கு புதன், இன்னும் 88 இருக்கு.