சீனித்துளசி போட்டால் கவுனி அரிசி மருந்தாகிவிடாது

நம் செட்டிநாட்டுப் பக்கத்து விசேஷ வீடுகளில் இப்போது பலகாரப் பேச்சோடு, ஸ்டீவியா என்கிற சீனித்துளசி இலையின் இனிப்பும் வந்து சேர்ந்துவிட்டது. “இதில் சீனியே கிடையாது ஆச்சி, ஸ்டீவியாதான் போட்டிருக்கிறது, சுகர் இருப்பவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்” என்று சொல்லி, பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெரியவர்களின் இலையில் இன்னும் இரண்டு கரண்டி கவுனி அரிசியை (கறுப்பரிசியில் செய்யும் இனிப்பை) வைக்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் ஸ்டீவியாவைப் பற்றி இதுவரை நடந்த ஆராய்ச்சி அப்படியொரு உறுதியை யாருக்கும் கொடுக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

பராகுவே நாட்டு குவாரனி மக்கள் தலைமுறைகளாக இனிப்புக்குப் பயன்படுத்திவந்த இந்த இலையிலிருந்து, இனிப்பைத் தரும் சேர்மங்களை 1931-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இருவர் பிரித்தெடுத்தார்கள். 1970-களில் ஜப்பான் அதை வணிக அளவில் உணவுக்குக் கொண்டுவந்தது. ஸ்டீவியால் கிளைக்கோசைடுகள் எனப்படும் இச்சேர்மங்கள் சீனியைப் போல 200 முதல் 300 மடங்கு இனிப்பவை. இரைப்பையும் சிறுகுடலும் இவற்றைச் செரிக்க முடியாமல் கீழே அனுப்ப, பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் இவற்றோடு ஒட்டியிருக்கும் குளுக்கோஸ் துண்டுகளைக் கழற்றித் தாமே எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சும் ஸ்டீவியால், கல்லீரல் வழியாகச் சென்று பெரும்பாலும் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது. ரத்தச் சர்க்கரை இதனால் ஏறாததற்குக் காரணம் இதுதான்.

“இதுவும் ஒரு ரசாயனம்தானே” என்று அஞ்சுகிறவர்களுக்கும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் ஸ்டீவியால் வரை பாதுகாப்பானது என்று 2008-இல் வரையறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 240 மில்லிகிராம். ஸ்டீவியாவின் இனிப்புச் சேர்மங்களில் ஒன்றான ரெபாடியோசைடு ஏ-ஆகக் கொண்டால் ஏறத்தாழ 700 மில்லிகிராம். தோராயமாகச் சொன்னால், 140 கிராம் சீனி தரும் இனிப்பு. காப்பி, தேநீர் குடிக்கும் எவரும் அந்த அளவை எளிதில் தொடமாட்டார்கள். இந்தியாவிலும் 2015-இல் சில உணவு வகைகளில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் வல்லுநர் குழு ஏற்றது 95 விழுக்காட்டுக்குக் குறையாமல் சுத்திகரித்த சேர்மத்தை. வீட்டுத் தொட்டியில் வளர்த்து, காயவைத்து இடித்த இலைப்பொடிக்கு அந்தச் சோதனை முடிவுகளை அப்படியே பொருத்த முடியாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இன்றும் முழு இலையை இனிப்பூட்டியாக ஏற்கவில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் “ஸ்டீவியா இன்சுலினைச் சுரக்க வைக்கும்” என்ற செய்தியின் வேர் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆய்வாக இருக்க வேண்டும். கணையத்தில் இன்சுலின் சுரப்புக்கு உதவும் டிஆர்பிஎம்5 என்ற புரதத்தை இச்சேர்மங்கள் தூண்டுவதை அவர்கள் கண்டார்கள். அருமையான ஆய்வு, ஆனால் எலிகளில் நடந்தது. அதை நம்பி மாத்திரையைக் குறைப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. மறுபக்கம், எடையைக் கட்டுப்படுத்த இத்தகைய இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை, ஸ்டீவியாவே நஞ்சு என்பதுபோலப் பரப்புகிறார்கள். அந்தப் பரிந்துரை நீண்டகாலப் பயன் உறுதியாகவில்லை என்ற அடிப்படையில் வந்தது; ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

இனி நம் அடுப்படிக்கு வருகிறேன். பலகாரத்தில் சீனிக்கும் வெல்லத்துக்கும் இனிப்பது ஒன்று மட்டுமே வேலையில்லை. பொரித்த மாவுத் துண்டுகளால் ஆன மனகோலத்தை ஒட்டவைப்பது பாகு. அதிரச மாவு பதமாக வருவதும், எண்ணெயில் சிவப்பதும், சில நாள் கெடாமல் இருப்பதும் வெல்லப் பாகினால். சிட்டிகை அளவே போடும் ஸ்டீவியா பாகாக இறுகாது, அந்த நிறத்தையும் தராது. அளவு கூடினால் அடிநாக்கில் கசப்பு தங்கும். பால் பணியாரத்தில் சீனி பாலில் கரைந்து நிற்பதோடு சரி என்பதால், அங்கே ஸ்டீவியா ஓரளவு ஒத்துவரும். ஆனால் பணியாரம் உளுந்தும் பச்சரிசியும் அரைத்துப் பொரித்தது. கவுனி அரிசியிலும் சீனியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரிசி, தேங்காய்ப்பூ, நெய். சீனியில் பாதிதான் குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ்; அரிசியின் மாவுச்சத்தோ செரித்து முடிந்ததும் முழுக்கக் குளுக்கோஸ்தான். தவிடு நீக்காத கவுனி வெள்ளையரிசியைவிட மெதுவாகச் செரிக்கும் என்றாலும், சீனி இல்லை என்ற தைரியத்தில் இரண்டு பங்கு சாப்பிட்டால் குறைத்த சர்க்கரை வேறு வழியாகத் திரும்பிவிடும்.

கடையில் வாங்கும் பொட்டலத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஸ்டீவியாவின் அளவு மிகச் சிறியது என்பதால், கரண்டியால் அள்ளும்படி எரித்ரிட்டால், மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் போன்றவற்றைக் கலந்து பருமனைக் கூட்டுகிறார்கள். இவற்றில் கடைசி இரண்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியவை. எரித்ரிட்டாலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2023-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அது காரணத்தை நிறுவவில்லை, ஆனாலும் இதய நோயாளி உள்ள வீட்டில் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

தினசரிக் காப்பியிலும் தேநீரிலும் சீனிக்குப் பதிலாக ஸ்டீவியா சேர்ப்பதை நான் மனதார ஆதரிக்கிறேன். நாள்தோறும் மூன்று நான்கு தடவை உள்ளே போகும் சீனி அதனால் நிற்கிறது. பலகாரத்தில் அதைச் சேர்த்து “சுகர்காரர்களுக்கானது” என்று விற்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. அப்படி விற்க விரும்புகிறவர்கள் ஒரு துண்டில் மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம் என்பதை டப்பாவின் மேல் அச்சிடட்டும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் ஊரார் வழக்கமாகச் சாப்பிடும் அளவில், சீனி போட்ட கவுனி அரிசியை ஒரு நாளும் ஸ்டீவியா போட்டதை வேறொரு நாளும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து, மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அளந்து, முடிவைத் தமிழில் வெளியிடலாம். அதற்கு முன்வரும் ஆய்வாளர்களுக்குச் சமைத்துக் கொடுக்க நான் தயார்.