கடலைக் காட்டி வாங்கிய மூன்று லட்சம்

கடலோர ரிசார்ட்டில் வருடா வருடம் தங்குகிற மெம்பர்ஷிப் வாங்கி, அங்கே போய்விட்டு ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியும் மனம் ஆறவில்லை. எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். அணை இருக்கிறது, தென்பெண்ணை ஓடுகிறது, கடல்தான் கிடையாது. எழுபது வயதாகும் என் அம்மா அதுவரை கடலைப் பார்த்ததே இல்லை. அந்த ஆசையைத்தான் காசாக்கினார்கள்.

ஜவுளிக்கடையில் எழுதிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, கணவன் மனைவி இருவரும் கட்டாயம் வரவேண்டும் என்று போன் வந்தது. கிருஷ்ணகிரி பைபாஸில் ஓர் ஓட்டல் ஹால். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே விடவில்லை. ஒருவர் ஓய்ந்தால் அவருடைய மேனேஜர் வந்து உட்கார்ந்தார். வருடத்துக்கு ஏழு இரவு, 25 வருடம், கடலோர அறை, 3 லட்சம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை. யோசித்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு முறை எழுந்தேன், இரண்டு முறையும் உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்ததும் போட்டுவிட்டேன்.

ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். அறை நமக்குச் சொந்தமில்லை, தங்குகிற உரிமை மட்டும். அதுவும் 'அறை இருப்பைப் பொறுத்து'. தங்கினாலும் தங்காவிட்டாலும் வருடப் பராமரிப்புக் கட்டணம் 14,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 16,520. அது வருடா வருடம் ஏறும். ஹாலில் இதை ஒருவர்கூட வாய் திறந்து சொல்லவில்லை.

எனக்கு மே முதல் ஜூலை வரை மாங்காய் அறுப்பு. பெங்களூரா காயைப் பறித்து கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏற்றுகிற நேரத்தில் எங்கே போவது? அதனால் காலாண்டு விடுமுறைக்குக் கேட்டேன், இல்லை. அரையாண்டு விடுமுறைக்குக் கேட்டேன். "அது சிவப்பு சீசன் சார், நீங்கள் வெள்ளை சீசன் மெம்பர்" என்றார்கள். சிவப்பு என்றால் கூட்டம் மிகுந்த நாட்கள், வெள்ளை என்றால் கூட்டம் குறைந்த நாட்களாம். அதே டிசம்பர் தேதியை, அதே ரிசார்ட்டில், வெளியாளைப் போல என் தம்பியின் போனில் போட்டுப் பார்த்தோம். ஓர் இரவுக்கு 5,500 ரூபாய், அறை காலி! முன்பணம் கட்டியவனுக்கு இல்லாத அறை, வழிப்போக்கனுக்கு எங்கிருந்து முளைத்தது? வயிறு எரியாதா?

கடைசியில் கிடைத்தது நவம்பர், புயல் சின்னம் சுற்றுகிற மாதம். சரி, அம்மா பார்த்தால் போதும் என்று பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு வடக்கே போய்ச் சேர்ந்தோம். இருபது அறை இருக்கும் சின்ன இடம். சுவரில் ஈரம், மெத்தையில் பூஞ்சை வாடை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கடற்கரை எங்கே? படத்தில் காட்டிய மணல் இல்லை. சுவரை ஒட்டி வரிசையாகக் கருங்கல், கல்லில் மோதுகிற அலை. 1980களின் கடைசியில் புதுச்சேரி துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, வடக்கே போகிற மணல் தடைபட்டு அந்தக் கரையோரம் அரித்துக்கொண்டே வருகிறது. அங்குள்ள மீனவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. விற்றவர்களுக்கு மட்டும் தெரியாதா? தெரிந்தே பழைய படத்தைக் காட்டினார்கள்.

அம்மா கடலில் கால் நனைக்கவில்லை. கல்லில் ஏறக்கூடாது என்று வாட்ச்மேன் தடுத்துவிட்டார், அவர்மேல் தப்பில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரி களிதான். கேழ்வரகு மாவு கொண்டு போயிருந்தோம். சமையலறையோடு கூடிய அறை என்று விற்ற இடத்தில் ஓர் ஓவனும் நான்கு கோப்பையும் இருந்தன. கீழே உணவகத்தில் இரண்டு இட்லி 180 ரூபாய். வெளிச்சாப்பாடு உள்ளே வரக்கூடாதாம். கிளம்பும்போது மின்சாரம், தண்ணீர் என்று தனியாக ஒரு பில்.

இப்போது பணத்தைக் கேட்டால் திருப்பித் தர முடியாது என்கிறார்கள், கையெழுத்தைக் காட்டுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தையும் மாநில ஆணையத்தில் கேள்வி கேட்க வழி இருக்கிறது. சேவைக் குறைபாடு, ஏமாற்று வியாபாரம் என்றால், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். 1915-க்குப் போன் செய்தும் புகார் சொல்லலாம். என்னைப் போல அதே ஹாலில் கையெழுத்துப் போட்டவர்கள் பர்கூர், ஊத்தங்கரை, தர்மபுரி பக்கம் நிச்சயம் இருப்பீர்கள். ரசீது, பிரசுரம், அவர்கள் அனுப்பிய மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.

அடுத்த வருடப் பராமரிப்புக் கட்டணம் கேட்டு நேற்று மெசேஜ் வந்தது. ஒரு பைசா கட்ட மாட்டேன். மனு தயார். திங்கட்கிழமை கிருஷ்ணகிரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன், அம்மாவும் கூட வருகிறார்.