தொப்புளுக்கு மேலே 40

(திருநெல்வேலி டவுனில் ஒரு தையல் கடை. மளிகைக்கடை அண்ணாச்சி கையில் ஒரு பேன்ட்டோடு வருகிறார்.)

அண்ணாச்சி: முருகேசா, துவைத்துத் துவைத்து இந்தப் பேன்ட் சுருங்கிப் போச்சு. இடுப்பில் ஒரு இன்ச் பிரித்து விடு.

முருகேசன்: போன தடவையும் துணி மேல்தான் பழி போட்டீர்கள் அண்ணாச்சி. உள்ளே மடித்து விட்டிருந்த துணியெல்லாம் அப்போதே தீர்ந்தது. கையைத் தூக்குங்கள், புது அளவு எடுக்கலாம்.

அண்ணாச்சி: அளவு எதுக்கு? இருபது வருஷமா நான் 34தான்.

முருகேசன்: அது தொப்பைக்குக் கீழே நீங்கள் பேன்ட் போடுகிற இடம். அங்கே எலும்புதான் இருக்கு. நான் தொப்புளுக்கு மேலே வைக்கிறேன். மூச்சை விடுங்கள்... முழுசா விடுங்கள், உள்ளே இழுக்காதீர்கள். 40!

அண்ணாச்சி: டேப் பழசு. இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும்.

முருகேசன்: நீண்ட டேப் அளவைக் குறைத்துத்தான் காட்டும். (டேப்பைத் திருப்பிப் பார்த்து) சென்டிமீட்டரில் 101. நம்ம நாட்டு ஆம்பிளைக்கு 90, பொம்பிளைக்கு 80. அதைத் தாண்டினாலே சர்க்கரை வருவதற்கு வழி விட்ட மாதிரி.

அண்ணாச்சி: எனக்கா? டீயில் சர்க்கரையை விட்டே ஐந்து வருஷம் ஆச்சு!

முருகேசன்: கூட ரெண்டு வடை?

அண்ணாச்சி: வடை உளுந்துப்பா. காரம்.

முருகேசன்: சரி, ஒரு கணக்குப் போடுவோம். சென்னையில் சர்க்கரை ஆராய்ச்சி செய்கிறவர்கள் 2005இல் சொன்னது. ஊசி கிடையாது, நாலே கேள்வி. போன வருஷம் முகாமில் என்னை இப்படித்தான் பிடித்தார்கள். வயசு?

அண்ணாச்சி: 52.

முருகேசன்: 50 தாண்டினால் 30 மார்க். இடுப்பு 100 தாண்டியதால் 20. உடற்பயிற்சி?

அண்ணாச்சி: காலையில் ஷட்டரைத் தூக்குகிறேனே.

முருகேசன்: பையன்தான் தூக்குகிறான், நான் பார்க்கிறேன். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருப்பதற்கு 30. அப்பாவுக்குச் சர்க்கரை இருந்ததா?

அண்ணாச்சி: லேசாத்தான். கால் விரல் ஒன்றை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

முருகேசன்: அதுக்கு 10. அம்மாவுக்கு?

அண்ணாச்சி: அவள் ஆஸ்பத்திரி வாசலையே மிதித்ததில்லை.

முருகேசன்: அப்போ இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 90.

அண்ணாச்சி: நூற்றுக்கா? பள்ளிக்கூடத்தில் 35 வாங்க நான் பட்ட பாடு!

முருகேசன்: இதில் 60ஐத் தொட்டாலே ஆபத்து அதிகம். வியாதி வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்கிற கணக்கு.

அண்ணாச்சி: இனிப்பே தொடாதவனுக்கு எப்படிப்பா வரும்?

முருகேசன்: உங்கள் குடோனையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வேளையும் சோறு, இட்லி, தோசை என்று லோடு வந்து இறங்குது. எல்லாம் ரத்தத்தில் சர்க்கரையாத்தான் போய்ச் சேரும். அதைத் தசைக்குள்ளே ஏற்றுகிற லோடுமேன்தான் இன்சுலின். நடந்தால் தசை செலவழிக்கும், இடம் காலியாகும். நீங்கள்தான் நடப்பதில்லையே! ஈரலிலும் குடலைச் சுற்றியும் கொழுப்பு அடைத்து நிற்குது. ஒரு ஆள் தூக்கிய மூட்டைக்கு நாலு ஆள் வேணும். இன்சுலினைச் சுரக்கிற கணையமும் ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருநாள் அதுவும் களைத்துப் போகும். அப்புறம் மூட்டையெல்லாம் ரோட்டில், அதாவது ரத்தத்தில்.

அண்ணாச்சி: லோடுமேன் பிரச்சினை எனக்கு நல்லாத் தெரியும். ஆனால் உனக்குத் தொப்பை இல்லையே, நீ எப்படி மாட்டினாய்?

முருகேசன்: சட்டையைத் தூக்கட்டுமா? கை கால் குச்சி, வயிற்றில் மட்டும் கொழுப்பு. நம்ம ஆட்களில் நிறையப் பேருக்கு இந்த உடம்புதான். அதோடு அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சர்க்கரை. போதாக்குறைக்கு, பெடல் மிதித்துக்கொண்டிருந்த மெஷினுக்கு மோட்டார் வேறு போட்டேன்.

அண்ணாச்சி: அதான் பில்லும் ஏறிப் போச்சு. இருக்கட்டும், என் மகளுக்கு மாசமா இருந்தபோது சர்க்கரை வந்தது, பிரசவத்தோடு போய்விட்டது. அவளுக்கு ஒன்றும் இல்லையே?

முருகேசன்: விளையாடாதீர்கள். அப்படி வந்தவர்களுக்குப் பின்னால் திரும்ப வர வாய்ப்பு அதிகம். வருஷா வருஷம் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணாச்சி: (கொஞ்ச நேரம் பேசவில்லை) சரி, அந்த 90இல் எவ்வளவு குறைப்பாய்? 55க்கு முடி.

முருகேசன்: நான் என்ன புளியா விற்கிறேன்? வயசுக்கும் அப்பாவுக்கும் தள்ளுபடி கிடையாது. தினமும் நடந்தால் 10 குறையும். இடுப்பு 90க்குக் கீழே வந்தால் 20.

அண்ணாச்சி: அப்பவும் 60 நிற்குதே!

முருகேசன்: அதனால்தான் டெஸ்ட் எடுங்கள் என்கிறேன். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126, இல்லையென்றால் மூன்று மாசச் சராசரியைக் காட்டுகிற HbA1c டெஸ்டில் 6.5 சதவீதம். அதைத் தொட்டால் சர்க்கரை வியாதிக் கணக்கு. அதற்குக் கொஞ்சம் கீழே நின்றால் இன்னும் திருப்பிப் போக வழி இருக்கு. நாளைக் காலையில் லேபுக்குப் போங்கள். வெறும் வயிறு என்றால் தண்ணீர் மட்டும்தான்.

அண்ணாச்சி: டீ?

முருகேசன்: கூடாது.

அண்ணாச்சி: சர்க்கரை இல்லாத டீ?

முருகேசன்: பால் இருக்கே அண்ணாச்சி.

அண்ணாச்சி: சரி, டீ வேணாம். வடை மட்டும்?